பலகையில் ஒரே ஒரு பெயர்

ஆசிரியை அலுவலக அறைக்குப் போனால், பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைப்பது வகுப்புத் தலைவியின் வேலை. அன்று அவள் எழுதியது ஒரே பெயர். அதுவும் மௌனியின் பெயர்! கேட்டால் மட்டும் பதில் சொல்லும் பெண் என்பதால் வந்த பட்டப்பெயர் அது.

அன்றும் அப்படித்தான். "மூணாவது கேள்விக்கு ஆன்சர் என்னடி?" என்று கேட்டவளே தலைவிதான். மௌனி சொல்லி முடிப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். பலகை காலியாக இருந்தால் தன்னைத் திட்டுவார்களே என்ற பயத்தில், கண்ணெதிரே இருந்த மௌனியின் பெயரைத் தலைவி எழுதிவிட்டாள்.

உள்ளே வந்த ஆசிரியை மௌனியைச் சுவரோரம் நிற்கவைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். மூழ்கும் கப்பலிலிருந்து கடைசி ஆளாக இறங்கிய ஒரு கேப்டனின் கதை. வாசித்து முடித்ததும், "நல்ல தலைவர்னா யாரு?" என்று கேட்டார் ஆசிரியை.

தலைவி துள்ளி எழுந்தாள். "தப்பு நடந்தா பழியைத் தன் மேல போட்டுக்கிறவங்க, மிஸ்!"

வகுப்பே கை தட்டியது.

ஆசிரியை சுவர்ப்பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே?"

"லீடர் சொன்னதுதான், மிஸ்," என்றாள் மௌனி.

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை. தலைவிக்குக் காது மடல் வரை சுட்டது. உண்மையைச் சொல்லிவிடத்தான் பலகையருகே போனாள். வாய் வரவில்லை, கை மட்டும் டஸ்டரை எடுத்து அந்தப் பெயரை அழித்தது.

"பாத்தீங்களா, மன்னிக்கவும் தெரியுது! இதுதான் தலைமை," என்றார் ஆசிரியை.

வகுப்பு மறுபடியும் கை தட்டியது. மௌனியும் தட்டினாள்.

"தேங்க்ஸ், மிஸ்," என்றாள் தலைவி.