ஸ்டேஷனின் பின்பக்கம்

சின்னபாபுசமுத்திரம் ஸ்டேஷனின் முன்பக்கம் அருள்முருகனுக்குத் தலைகீழ்ப் பாடம். மில்லில் ஃபிட்டராக இருந்தபோது விழுப்புரத்திலிருந்து ஒன்பது வருடம் அந்த ஸ்டேஷன் வழியாக மீட்டர் கேஜ் ரயிலில் வேலைக்கு வந்துபோனவர். மில்லையும் மூடி, அவருக்கும் வயதாகி, இப்போது முதலியார்பேட்டை வீட்டு மாடி அறையில் அந்த ஸ்டேஷனையே கட்டிக்கொண்டிருந்தார். அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. பழைய போட்டோவில் செங்கல் வரிசைகளை எண்ணி, அதிலிருந்து சுவரின் உயரத்தைக் கணக்குப் போடுகிற ஆள். பிளாட்பார பெஞ்சுக்குப் பலகை நான்கா ஐந்தா என்று ஒரு வாரம் தூங்காதவர். இப்படிப்பட்டவருக்குக் கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

கண்காட்சிக்குக் கூப்பிட்டதும்தான் உறைத்தது. பத்து நாளில் நகரத்து மண்டபம் ஒன்றில் நடக்கிறது, மேஜை ஹாலின் நடுவில், ஜனங்கள் சுற்றிவந்து பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பழைய கட்டடமோ அகலப்பாதை வந்தபோதே இடிபட்டுப் போயிற்று. வாட்ஸப் குழுவில் கேட்டார். சென்னையில் ஒரு ரிட்டயர்டு ரயில்வே கார்டு, ஏதோ மரம் இருந்த மாதிரி ஞாபகம் என்றார். லண்டனில் இருக்கும் ஒரு ரயில் பித்தருக்குக்கூட மெயில் போனது.

கீழே அவர் மனைவி அஞ்சலாட்சி சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்த பக்கிரியின் மகள் அவள். கல்யாணம் ஆகும்வரை அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தாள். அவளைக் கேட்க வேண்டும் என்று மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. லண்டன்தான் கிட்டத்தில் இருந்தது போலிருக்கிறது.

மாடியில் துணி எடுக்க வந்தவள் மேஜையைச் சுற்றிவந்து நின்றாள்.

"பின்னாடி இன்னா, வெறுஞ்சுவரா?"

"யாருக்கும் தெரியல. நான் கேக்காத ஆளு இல்ல," என்றவர், சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, நீ அங்கயே பொறந்து வளந்தவ! ரெண்டு வருசமா பாத்துக்கினு கம்முனு இருந்தியே, வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

"நீங்கதான சொல்லக் கூடாதுன்னீங்க."

"நானா?"

"கல்யாணமாயி நாலாம் நாளு. உங்க மில்லு ஆளுங்க விருந்துக்கு வந்தாங்க. உன் அப்பாவ ஸ்டேஷன் மாஸ்டர்னு சொல்லி வச்சிருக்கேன், பாயின்ட்ஸ்மேனு கீயின்ட்ஸ்மேனுன்னு பேச்சு எடுக்காதன்னீங்க. மேனகா கிட்டகூட நான் சொன்னதில்ல."

கேஸ் சிலிண்டர் வந்த தேதியைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சொன்னவர் மறந்தே போன ஒரு வார்த்தையைக் கேட்டவள் முப்பது வருடமாகக் காப்பாற்றி வந்திருக்கிறாள், பெற்ற மகளிடம்கூட விடாமல். அருள்முருகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இப்ப சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லும்மா."

துணியை நாற்காலியில் போட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். பச்சைக் கதவு. அது கீழ்ப்பக்கம் கரையான் அரித்துத் தகரம் அடித்தது. சிமென்ட் தொட்டி. கைவிளக்கு துடைத்த கந்தலைக் காயப்போட அப்பா கட்டிய கம்பி. ஒரே அறை. "படுத்துக்கினு கையையும் காலையும் நீட்டுனா ரெண்டு சுவரும் இடிக்கும். அதுல அஞ்சி பேரு." அவர் ஸ்கேல் வைத்துக் கணக்குப் போட்டார். அட்டையில் அந்த அறையின் அகலம் கட்டைவிரல் அளவுகூட வரவில்லை. இரண்டு தரம் போட்டுப் பார்த்தார்.

கண்காட்சிக்குள் பின்பக்கம் தயாராகிவிட்டது. முதல் நாளே மில்லின் பழைய கூட்டாளி வடிவேல் வந்தார். "இது உங்க மாமனாரு ஸ்டேஷன் மாஸ்டரா இருந்த ஊருதான?" என்றார், நாலு பேர் காதில் விழ.

அருள்முருகன் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"இல்ல வடிவேலு. அவரு பாயின்ட்ஸ்மேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. இங்கதான் இருந்தாரு," என்று வடிவேலைப் பின்பக்கம் அழைத்துப்போய்ப் பச்சைக் கதவைக் காட்டினார். சொன்ன பிறகு நெஞ்சு லேசாயிற்று. அப்படியே விட்டிருந்தால் நல்ல மனிதனாகவே வீடு திரும்பியிருப்பார்.

"பாயின்ட்ஸ்மேனா? உங்க வூட்டாண்ட எத்தினி தபா பாத்திருக்கேன், ஸ்டேஷன் மாஸ்டராட்டம் வெள்ளச் சட்டையில்ல போட்டுருப்பாரு," என்றார் வடிவேல்.

அஞ்சலாட்சி திரும்பினாள். "டூட்டி முடிச்சி நேரா காக்கியோடதான் வண்டி ஏறுவாரு. இங்க வந்து எறங்குனதும், ஸ்டேஷன் கக்கூஸுல மாத்திக்கினு வூட்டுக்கு வருவாரு. நான்தான் அப்பிடி வரச் சொல்லியிருந்தேன்."

அருள்முருகனுக்கு இது தெரியாது. வாசலில் நின்று, வாங்க மாமா, இன்னிக்கு லீவா என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். ஆமாம் மாப்ள என்று சிரித்துவிட்டுத்தான் பக்கிரி உள்ளே வருவார். அவர் செத்துப் பதினோரு வருடம் ஆகிவிட்டது.