கீழே பார்க்காத சம்பந்தி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பண்டசோழநல்லூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் எழுபத்தெட்டாம் வருஷம் சிங்காரவேலு மேல் வந்த கோபம் நியாயமானது என்று ஊரே ஒப்புக்கொண்டது.

சிங்காரவேலு பாகூரில் கரும்பு போடுகிறவர். அவர் மகள் தனக்கொடியை என் மகன் ராமுவுக்குப் பேசியிருந்தோம். சம்பந்தம் முடிவாகும்வரை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவதில்லை. வந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அவரும் கை நனைக்க வந்தார். என் மனைவி தையலம்மாள் விடிகாலையிலிருந்து அடுப்படியில் வெந்து சமைத்திருந்தாள்.

மனுஷன் இலை முன்னால் விறைப்பாக உட்கார்ந்தார். பார்வை மட்டும் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை விட்டு நகரவில்லை. கையை நீட்டி இலையின் மேல்பக்கத்தில் இருந்த வடையையும் பொரியலையும் எடுத்தார். தனக்கு முன்னால் மலையாகக் குவிந்திருந்த சோற்றை ஏறெடுத்தும், இல்லை, குனிந்தும் பார்க்கவில்லை. பங்காளிகள் அத்தனை பேர் எதிரிலும் சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

"இன்னா கொழுப்பு பாத்தியா அந்த ஆளுக்கு!" என்றாள் தையலம்மாள். நான் அவளைவிட உரக்கக் கத்தினேன். ராமு கொல்லைப்பக்கம் போய் நின்றான். அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மறுவாரம் சம்பந்தத்தை முறிக்க நானே பாகூருக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்திலேயே சிங்காரவேலு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு மகளுடன் நின்றார். புதுச்சேரி பஸ்ஸில் ஏறப் படியில் கால் வைத்தவர், வெட்டிய வாழை மாதிரி பின்பக்கமாக என் நெஞ்சில் சாய்ந்தார். அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எப்படி முறிப்பது? தூக்கி ஏற்றினேன். தனக்கொடி ஒருத்தியால் அவரை இறக்க முடியாது என்பதால் நானும் போனேன், ஆஸ்பத்திரி வரைக்கும்.

அங்கே கில்பர்ட் என்று ஒரு நரம்பு டாக்டர். "நடுக்குவாதம்னு சொல்லி ஒரு வருஷமா மாத்திரை குடுத்தாங்க, கேக்கல" என்றாள் தனக்கொடி. டாக்டர் ஒரு பேனாவை எடுத்து அவர் முகத்துக்கு எதிரே ஆட்டினார். இடது, வலது, கண் மெதுவாகப் போனது. மேலே, அரைகுறை. கீழே, போகவே இல்லை. பேனா இறங்கிவிட்டது, கண் டாக்டரின் நெற்றியிலேயே நின்றது.

எனக்குச் சந்தேகம். நடிக்கிறாரோ?

"பாம்பு!" என்று கத்தினேன்.

நர்ஸம்மா ஸ்டூலில் ஏறினாள். டாக்டர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார். தனக்கொடி கட்டில்மேல் ஏறியிருந்தாள். சிங்காரவேலு மட்டும் என் முகத்தையே பார்த்தபடி கையால் என்னைத் தள்ளினார்.

"சம்பந்தி, நீங்க மொதல்ல நவுருங்க! எனுக்குத் தெரியல, உங்க காலாண்ட இருந்துடப் போவுது!"

என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

என்னை நன்றாகத் திட்டிய பிறகு டாக்டர், "என் முகத்தையே பாருங்க" என்று சிங்காரவேலுவின் தலையைப் பிடித்து மெல்லப் பின்னால் சாய்த்தார். அடடா, இறங்காத கண் தானாகக் கீழே இறங்கியது! "கண்ணு நல்லாத்தான் இருக்கு. கீழ பாருன்னு மூளை சொல்றதுதான் வந்து சேரல. நடுக்குவாதத்துல இப்படி ஆகாது. இவ்ளோ சீக்கிரம் பின்னால விழவும் மாட்டாங்க. இது வேற வியாதி."

"மோட்டார் நல்லாருக்கு, சுவிட்ச்சு போயிடுச்சு" என்றேன்.

"அதேதான்" என்றார் டாக்டர். ஆனால் அந்த சுவிட்சுக்கு மருந்து இல்லை என்றும், போகப் போக அதிகமாகும் என்றும் சொன்னார்.

"வூட்ல நான் தட்ட மூஞ்சிக்கு நேரா தூக்கிப் புடிப்பேன் மாமா. கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வூட்டுக்கு நான் எப்படி வர்றது?" என்றாள் தனக்கொடி. சட்டையில் கொட்டிக்கொண்டு என் முன்னால் அசிங்கப்படக் கூடாதென்று மனுஷன் அரைப்பட்டினியாகத் திரும்பியிருக்கிறார். சிங்காரவேலு டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பொண்ணு கல்யாணத்த பாப்பேனாங்க?"

"நேரா இருக்கறது தெரியும். சீக்கிரம் வைங்க" என்றார் டாக்டர்.

தையில் வைக்க இருந்ததை ஆவணிக்கு மாற்றினேன். தாலி ஏறியது. மணமக்கள் அவர் காலில் விழக் குனிந்தார்கள். சிங்காரவேலுவின் கை அட்சதையோடு காற்றில் துழாவியது, பார்வை எதிரே வெறும் பந்தல்காலில் நின்றது.

"நிமிருங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினேன். "யாரும் கால்ல வுழ வேணாம்!"

மேளம்கூட நின்றுவிட்டது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, குள்ளமான மருமகளை அதன்மேல் ஏற்றி நிறுத்தினேன். அவள் முகம் அவர் முகத்துக்கு நேராக வந்தது. அட்சதையைத் தலையில் போட்டுவிட்டு அவள் கன்னத்தைத் தொட்டார்.

"அழுவாதடி. நல்லாத் தெரியுது."

"மாமனார் கால்ல புள்ளைய வுழ வுடல பாரு, இன்னா திமிரு இந்த சாமிநாதனுக்கு!" என்று பின்னால் யாரோ என்னைச் சொன்னார்கள். திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் நான் அழுதுகொண்டிருந்தேன்.