ஐந்திலிருந்து பூஜ்யத்துக்கு

ஆலை மோட்டார் எரிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தின் தேயிலை ஆலையில் மின்சார வேலை எல்லாம் கஜேந்திரன் பொறுப்பு. அவன் மேசையில், ஆலையை நடத்தும் டீமேக்கர் வைத்துவிட்டுப் போன தாள் கிடந்தது. ‘மோட்டார் எரிவதற்கு முன் எச்சரிக்கை ஒலி எழவில்லை. தொழிலாளி கவனமின்றி அருகில் நின்றார்.’ கீழே அவன் கையெழுத்துக்கு ஒரு கோடு.

ஒலி எழவில்லை என்பது உண்மைதான். ஏன் எழவில்லை என்பது அந்தத் தாளில் இல்லை.

கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடியின் மோட்டாருக்குப் போன வருடம் ஒரு பெட்டி பூட்டினார்கள். மோட்டார் ஓடாத நேரத்தில், உள்ளே கம்பிச்சுருளின் காப்பு ஈரத்தில் கெட்டுவிட்டதா என்று அது தானாகவே அளக்கும். அளவு ஐந்துக்குக் கீழே இறங்கினால் அலறும். ஆலைச் சங்கு இருக்கும்போது வேறொன்று எதற்கு, அதிலேயே இணைத்துவிடு என்றார் தோட்ட நிர்வாகியான தொரை. இணைத்தான். பனி இறங்கிய காலைகளில் அளவு குறைந்தது, சங்கு ஊதியது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுவைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் மூன்று தடவை. தொரை டீமேக்கரைத் திட்டினார்; டீமேக்கர் இவனிடம் வந்தார். மோட்டாரைக் கழற்றிக் காயவைக்க இரண்டு நாள் வேண்டும் என்றான் கஜேந்திரன். அதெல்லாம் நடக்காது, அது அலறும் அளவைக் குறை என்றார் அவர். ஐந்தை இரண்டாக்கினான். மறுபடியும் ஊதியது. பூஜ்யமாக்கினான். அதன்பிறகு ஊதவே இல்லை.

திங்கட்கிழமை மோட்டார் தீயைக் கக்கியது. அதன் பக்கத்தில் சிந்திய கொழுந்தைக் கூட்டிக்கொண்டிருந்த காளியாயிக்கு இரண்டு கையும் முழங்கைவரை வெந்துபோனது.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டுப்போட்ட கைகளைத் தலையணைமேல் வைத்து அவள் படுத்திருந்தாள். கட்டிலருகே போய் நின்றான்.

“அந்தப் பெட்டிய ஊமையாக்குனது நாந்தான்க்கா.”

அவள் கூரையையே பார்த்தாள். “தெரிஞ்சா செஞ்ச?”

“தெரிஞ்சுதான். டீமேக்கர் சொன்னாரு.”

“அவரு சொன்னாரு, நீ ஊமையாக்கிட்ட. இப்ப எனக்கு மக சோறு ஊட்டுறா.” குரல் உயரவில்லை. “இங்க வந்து சொன்னா ஒனக்குப் பாரம் கொறையும் தம்பி. எனக்கு எது கொறையும்? விசாரிக்க வர்றவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

மறுநாள் ஆலைக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி, என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். டீமேக்கர் சிரித்த முகத்தோடு பேனாவை நீட்டினார். கஜேந்திரன் பையிலிருந்த தாளை எடுத்துப் புரட்டி, வெறும் பக்கத்தில் தமிழில் எழுதத் தொடங்கினான். முதல் வரியில் தன் பெயர். அடுத்து டீமேக்கர் பெயர். அதற்கும் அடுத்து தொரையின் பெயர்.

அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று டீமேக்கர் அவன் காதருகே பல்லைக் கடித்தபடி சொன்னார்.

“தெரிஞ்சவங்க வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேங்க, ஐயா,” என்றான் கஜேந்திரன். பேனாமுனை தாளைக் கிழித்தது. கிழிந்த இடத்துக்குக் கீழே மேலும் அழுத்தி எழுதினான்.