முன்னறைக்கு ஒரு பச்சைத் திரை

நெதர்லாந்தில் சுட்ஃபன் என்ற ஊரில் எங்கள் தெருக்காரர்கள் முன்னறை ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. சுவரளவு கண்ணாடி, மாலையானால் பளிச்சென்று விளக்கு. தெருவில் போகிறவர்கள் எங்கள் சோபாவையும் நாங்கள் குடிக்கும் சூப்பையும் பார்த்துக்கொண்டே போகலாம். பார்க்காமல் போவதுதான் மரியாதை என்போம். ஒருவர் விடாமல் பார்ப்போம்.

போன வசந்தத்தில் என் எதிர் வீட்டுக்கு நைன்கேயும் அவள் கணவன் யோரிட்டும் குடிவந்தார்கள். இளம் ஜோடி. அவர்களுக்கு அடுத்த வீடு ட்ரூடாவுடையது. முதல் வாரமே ஆப்பிள் கேக்கோடு வேவு பார்க்கக் கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

தரை முழுக்கத் துணி மாதிரிகள். மாடிப் படுக்கையறைக்கு வெளிச்சம் புகாத கறுப்பு, சமையலறைக்குப் பாதி ஜன்னலை மட்டும் மறைக்கும் வெள்ளைப் பருத்தி, குளியலறைக்குச் சுருட்டி ஏற்றும் தடுப்பு. ஒவ்வொன்றுக்கும் ட்ரூடா தலையாட்டினாள். பிறகு நைன்கே கரும்பச்சை வெல்வெட்டை எடுத்து விரித்தாள்.

"இது முன்னறைக்கு அக்கா."

"முன்னறைக்கா? எதுக்கும்மா?"

"சாயங்காலமானா இழுத்து மூடத்தான்."

"மூடிட்டு அப்படி என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். சும்மா கெடக்கிறத ஊரே பாக்க வேணாம்னுதான்."

வெளியே வந்ததும் ட்ரூடா என் கையைப் பிடித்தாள். "நாப்பது வருஷமா எங்க ஜன்னல்ல ஒரு நூலு தொங்கினதில்ல. மறைக்க வேண்டியது இருந்தாத்தான மறைப்பாங்க!"

வெல்வெட் ஏறியது. தெரு தூக்கமிழந்தது. யோரிட்டுக்கு வேலை போய்விட்டது என்றார்கள். நைன்கே அவனை அடிக்கிறாள் என்றார்கள். உள்ளே கஞ்சா வளர்க்கிறார்கள் என்று கடைசியில் எல்லாரும் ஒருமனதாக முடிவுக்கு வந்தோம். ட்ரூடா போன் செய்தாள். ஒரு மாலை போலீஸ்காரர் வந்து மணியடித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ட்ரூடா, அவளுக்குப் பின்னால் நான்.

உள்ளே யோரிட் முழங்கால் கிழிந்த பைஜாமாவோடு மேஜைமேல் கால்போட்டு, காகிதப் பொட்டலத்திலிருந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தான். டிவியில் வினாடி வினா. போலீஸ்காரர் மன்னிப்புக் கேட்டார். நீட்டிய பொட்டலத்திலிருந்து ஒரு வறுவலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ட்ரூடா கிளம்பவில்லை.

"உக்காருங்க அக்கா. ஷூவக் கழட்டிட்டு காலத் தூக்கி மேல வைங்க" என்றாள் நைன்கே.

ட்ரூடா திரையைத் திரும்பிப் பார்த்தாள். இடுக்கு ஏதும் இல்லை. ஷூவைக் கழற்றினாள். காலைத் தூக்கி வைத்தாள். இடுப்புப் பட்டியையும் தளர்த்திவிட்டு, "அப்பாடா!" என்றாள். அவளை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை. வீட்டில் முதுகு நிமிர்த்தி, தட்டு மடியில் படாமல், சாயங்காலம் முழுக்கக் கண்ணாடிக்கு முன் கொலு வீற்றிருப்பவள்.

மறுநாள் கணவர் லுபர்ட்டையும் கூட்டிவந்தாள். தினமும் ஜன்னலோரம் தடித்த புத்தகத்தோடு உட்கார்ந்து, தெருவின் அறிவாளி என்று பெயர் வாங்கியவர் அவர். இங்கே வினாடி வினாவில் ஒரு பதிலும் தெரியாமல், வாயைப் பிளந்து தூங்கினார். அதற்கு அடுத்த நாளும் வந்தார்கள். பிறகு தினமும் வந்தார்கள். வறுவல் இரண்டு பொட்டலம் ஆனது. யோரிட் தரையில் உட்கார்ந்தான்.

ஒருநாள் நைன்கே தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வெல்வெட் மிச்சமிருக்கு அக்கா. உங்க ஜன்னலுக்கு நானே தச்சுத் தரேன்."

ட்ரூடா வெடுக்கென்று காலைக் கீழே போட்டாள். "எங்க வீட்டுக்கா? தெருவுல என்னடி நெனப்பாங்க?"

அடுத்த திங்கட்கிழமை வெல்வெட் இறங்கியது. நைன்கேயும் யோரிட்டும் கண்ணாடிக்குப் பின்னால் நேராக உட்கார்ந்து, முள்கரண்டியால் பீன்ஸ் சாப்பிட்டார்கள். ட்ரூடா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்: "நல்ல புள்ளைங்கதான். எடுத்துச் சொன்னா கேட்டுக்குதுங்க." நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம். பீன்ஸ் முடிந்ததும் அவர்கள் மாடிக்கு ஏறி, டிவியும் வறுவலுமாகக் கறுப்புத் துணிக்குப் பின்னால் விடுதலையானார்கள் என்பது யோரிட் என்னிடம் மட்டும் சொன்னது.

லுபர்ட்டுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. தோட்டத்து வேலிக்கு மேலாக எட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்: "மாடியில இன்னொரு நாற்காலி போட எடம் இருக்குமா தம்பி? ட்ரூடாகிட்ட சொல்லிடாத."

"கட்டில் மட்டுந்தான் சார் இருக்கு" என்றானாம் யோரிட்.

"கால்மாட்டுல ஓரமா உக்காந்துக்கறேன் தம்பி" என்றாராம் லுபர்ட்.