கெட்டாலும் அணையாத ஸ்விட்ச்

போன நிலாப் பண்டிகையிலிருந்து மெய்ஜுவும் ரூய்தாங்கும் பேசிக்கொள்வதில்லை. அன்றைக்கு ரூய்தாங்கின் ரிமோட் விமானம் ஆட்களின் தலைக்கு மேலே தாழப் பறந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் மெய்ஜு அவனைக் கடிந்துகொண்டாள். "நீங்க போய் முட்டை தோசை சுடுங்க" என்று அவனும் சொல்லிவிட்டான். அவள் நடத்துவது காலைச் சிற்றுண்டிக் கடை. அந்தச் சொல் முள்ளாகத் தைத்து அப்படியே நின்றுவிட்டது.

இன்று தாஜியா ஆற்றுப் படுகையில் அவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. அவர்களுடைய ரிமோட் விமானச் சங்கத்தில் மற்ற எல்லோரும் கடல் தெய்வமான மாட்சு அம்மனின் ஊர்வலத்துக்குப் போயிருந்தார்கள். மெய்ஜு காலையிலேயே கோயிலில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு, கணவர் தெங்ஃபாவைச் சக்கர நாற்காலியோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். அவள் கட்டிய விமானம் முதல்முறையாகப் பறக்கப்போகும் நாள் இது.

அதைக் கட்டியது அவள் என்றாலும் இறக்கைகளுக்குச் சூட்டில் ஒட்டும் செம்மஞ்சள் தாளை ஒட்டியது தெங்ஃபா. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, எதையும் தொடமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர். ஒருநாள் இடக்கையால் சின்ன இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். சுருக்கம் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். அன்றிலிருந்து சாப்பாடும் இறங்கியது, தூக்கமும் வந்தது. அந்த இறக்கை மண்ணில் நொறுங்கினால் அவர் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார் என்று மெய்ஜுவுக்குப் பயம். விமானம் பறக்காவிட்டாலும் சரி, விழக் கூடாது.

"அண்ணே, காத்து மேற்கே திரும்பிடுச்சுன்னு அண்ணிகிட்ட சொல்லுங்க," என்றான் ரூய்தாங்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுன்னு அந்தாளுகிட்ட சொல்லுங்க."

தெங்ஃபாவுக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வரும். "நான் என்ன தபால் பெட்டியா? தபால்காரன் அவன்தானே?"

ரூய்தாங் நிஜமாகவே தபால்காரன்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்தான்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், என்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது இன்னொருவர் வாலைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விமானத்தை விட வேண்டும். அதற்காக மெய்ஜு அவனைக் கேட்கவில்லை. அவனே வந்து மண்டியிட்டு வாலைப் பிடித்துக்கொண்டான்.

என்ஜின் அலறியது. மெய்ஜு ரிமோட்டின் குச்சிகளை அசைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அவன் விடவில்லை.

"விடச் சொல்லுங்க."

"விடமாட்டேன்னு சொல்லுங்க அண்ணே."

"பழைய கோபத்தை இதுலயா காட்டணும்? விடுங்க ரூய்தாங்." அத்தனை மாதங்களுக்குப் பிறகு அவள் நேராக அவனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"முடியாது அண்ணி. என்ஜினை நிறுத்துங்க."

அவள் வெடுக்கென்று நிறுத்தினாள். ரூய்தாங் திருப்புளியின் பிடியால் விமானத்தின் பக்கவாட்டில், ரிமோட்டுக்குக் கட்டுப்படும் பாகங்களுக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச் இருந்த இடத்தில், லேசாகத் தட்டினான். "இப்ப சுக்கானைத் திருப்புங்க." அவள் திருப்பினாள். வாலில் சுக்கான் அசையவில்லை. இன்னொரு தட்டு தட்டியதும் உயிர் வந்தது.

"என்ஜின் அதிர்றப்போ என் கையில இப்படித்தான் விட்டு விட்டுச் செத்துச்சு. மேல போயிருந்தா ரிமோட் உங்க கையில இருக்கும், விமானம் அது இஷ்டத்துக்குப் போகும்."

மெய்ஜு குனிந்து அந்த ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தாள். கடையில் இருந்த மலிவு ஸ்விட்சுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துத்தான் அவள் இதை வாங்கினாள். டக்கென்று கனமாகச் சத்தம் வந்தது இதில்தான். "புது ஸ்விட்ச். எவ்வளவு கெட்டியா இருந்துச்சு," என்றாள்.

தெங்ஃபா நாற்காலியில் நெளிந்தார். "புதுசு இல்ல மெய்ஜு. நீ கடைக்குப் போனப்புறம் தினமும் நான்தான் தள்ளிக்கிட்டே இருப்பேன். வலது கை விரலுக்குப் பயிற்சியா. சத்தம் நல்லா இருந்துச்சா..." வலக்கைக் கட்டைவிரலை உயர்த்தி மடக்கிக் காட்டினார். போன குளிர்காலத்தில் அது அசையாத விரல்.

மெய்ஜு அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் வரவில்லை. அந்த ஸ்விட்ச் வீணாகத் தேயவில்லை.

ரூய்தாங் அதற்குள் தன் விமானத்தைப் புரட்டிப் போட்டு இரண்டு திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளிருந்து வந்தது நகத்தளவு மின்னணுச் சில்லு ஒன்று, அதிலிருந்து மெல்லிய ஒயர், ஒயரின் முனையில் ஒரு குட்டி ஸ்விட்ச்.

"இதுவும் மலிவுதான் அண்ணி, உங்களோடதை விடக் கொஞ்சம்தான் கூட. சத்தமே வராது, அதான் யாரும் எடுக்க மாட்டாங்க. உங்க ஸ்விட்ச் கெட்டா மின்சாரம் நின்னுடும். இதுல ஒயரே அறுந்தாலும் சில்லு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அணைக்கிறதுக்குத்தான் ஒயர் வேணும். வாங்குறப்போ விலையையும் சத்தத்தையும் விடுங்க. கெட்டுப்போனா எந்தப் பக்கம் சாயும்னு கேளுங்க."

"அப்ப உங்க விமானம்?"

"அது இன்னைக்கு வெயில் காயட்டும். அண்ணன் இறக்கை ஒட்டினது பறக்க வேணாமா?"

பேச்சு நின்றுபோன இத்தனை மாதமும் இந்த ஆள் நமக்காக அணையாமல்தான் இருந்திருக்கிறான் என்று மெய்ஜு நினைத்துக்கொண்டாள். தெரியாமல் போனது தனக்குத்தான்.

ஸ்விட்சை மாற்றிப் பொருத்தி மறுபடி என்ஜினை ஓட்டினார்கள். இந்த முறை ரூய்தாங் நெடுநேரம் வாலைப் பிடித்திருந்துவிட்டு, பூனைக்குட்டியை இறக்கிவிடுவதுபோலக் கைகளை விலக்கினான்.

செம்மஞ்சள் இறக்கை புல்லைத் தொட்டுத் தொட்டு ஓடி எழுந்தது. ஆற்றின் மேலே சாய்ந்து வளைந்தது. தெங்ஃபா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த இடது ஓரத்துல ஒரு சுருக்கம் இருக்கு," என்றார்.

"அவ்வளவு உயரத்துல சுருக்கமா தெரியுது உங்களுக்கு?"

"ஒட்டினவனுக்குத் தெரியும். அடுத்த இறக்கையில விழாது."

அடுத்த இறக்கை என்றாரே! மெய்ஜுவுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு விமானம் ஓட்டக் கூடாது. ரிமோட்டைப் பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினாள்.

"பிடிங்க ரூய்தாங். ஒரு சுத்து நீங்க ஓட்டுங்க."

"நானா? தலைக்கு மேல விட்டுட்டா?"

"விட்டா திட்டுவேன். பிடிங்க."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ரிமோட்டை வாங்கினான். ஊர்வலம் போகும் திசையில் வெடிச்சத்தம் கேட்டது. மெய்ஜு அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை கைகூப்பிவிட்டு மறுபடி வானத்தைப் பார்த்தாள்.