பட்டியலில் நான்காவது பெயர்

நான் ரௌட்டர் மாட்டிப் பிழைக்கிறவன். எந்த வீட்டுக்குப் போனாலும், "நெட்டு வரல" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் நான் சொல்லும் முதல் வார்த்தை, "பிளக்கப் பிடுங்கி மறுபடி மாட்டுங்க." பத்துக்கு எட்டு கோளாறு அதிலேயே சரியாகிவிடும். பன்னிரண்டு வருடமாகக் கைக்குப் பழகிப்போன காரியம். இப்போது அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா வீட்டு வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். சொந்தக்காரர் வேலை என்றால் எல்லோரும் அப்படித்தான். ஆனால் டெலிபோன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பழைய கம்பி இணைப்பைத் துண்டிக்கப் போகிறார்கள். அதே எண் வேண்டுமென்றால் இன்டர்நெட் போனுக்கு மாறிக்கொள்ள வேண்டும். அக்கா அரண்டுபோனாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பிய அத்தான் இன்னும் வீடு திரும்பவில்லை. போலீஸும் தேடிச் சலித்துவிட்டது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அந்த வீட்டு எண்தான்.

"நம்பர் மாறாதில்லடா?"

"மாறாதுக்கா. நூறு தடவ சொல்லிட்டேன்."

"கரண்ட் போனா? பழைய போன்ல பேசலாமே."

"இதுல பேச முடியாது. ரௌட்டர் அணைஞ்சா போனும் அணைஞ்சிடும். அப்படி என்ன அணைஞ்சிடப் போகுது, விடு."

சுவரெல்லாம் தடி தடியாக இருந்ததால் ஒரு ரௌட்டர் போதவில்லை. ஹாலில் ஒன்று, மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று, மாடி அறையில் ஒன்று. மூன்றையும் கேபிளால் கோத்தேன். வைஃபைக்குப் புதுப் பெயரும் புது பாஸ்வேர்டும் வைக்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"பழசையே வைடா. அவரு வந்தா அவரு போனு தானா சேர்ந்துக்கணும்."

நான் கேபிள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சரி சரி, நச்சரிக்காத" என்று எரிந்து விழுந்தேன். பழையதையே வைத்தேன்.

மதியம் மூன்று மணிக்கு எல்லாம் ஓட ஆரம்பித்தது. எது எந்த ரௌட்டரில் சேர்ந்திருக்கிறது என்று லேப்டாப்பில் பட்டியல் பார்த்தேன். ஹால் போன், அக்கா மொபைல், என் லேப்டாப். மூன்றும் ஹாலில்.

"ஒத்த ஆளுக்கு மூணு ரௌட்டர். மகாராணிதான் போ," என்றேன். அக்கா லேசாகச் சிரித்தாள்.

அப்போது நான்காவதாக ஒரு பெயர் வந்தது. முதலாளி.

அது அத்தான் தன் மொபைலுக்கு வைத்திருந்த பெயர். "வீட்லதான் அந்தப் பதவி கிடைக்கல, போன்லயாவது இருந்துட்டுப் போகட்டும்" என்பார். அவர் காணாமல் போன காலையில் அந்த மொபைலும் கூடவே போனது. அன்று மாலையே அணைந்துவிட்டது. பெயருக்கு எதிரே, மாடி அறை என்று இருந்தது.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். அறையில் யாரும் இல்லை. கட்டிலுக்கு அடியில், அலமாரியில், அவர் சட்டைப் பைகளில் எல்லாம் துழாவினேன். ஒன்றும் இல்லை. ரௌட்டரின் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. பழைய தகவல் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இறங்கினேன். கீழே வந்து பார்த்தால் பட்டியலில், மாடிப்படி என்றிருந்தது. நான் அப்போதுதான் அந்தத் திருப்பத்தைத் தாண்டி வந்திருந்தேன்.

என் தோளுக்குப் பின்னால் நின்று அக்காவும் பார்த்துவிட்டாள். அவள் அலறவில்லை. கலைந்திருந்த தலைமுடியை இரண்டு கையாலும் சரிசெய்துகொண்டாள்.

திரையில் எழுத்து மாறியது. ஹால். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறி முழுதாக நின்றன. அப்படி முழுதாக நிற்க வேண்டுமென்றால் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

போன் அடித்தது.

முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள். "ஹலோ" என்றாள். பிறகு பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாகச் செத்துக் கிடந்த முகம் அப்படியே மலர்ந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான். பயந்தேன். எனக்கும் சோபாவுக்கும் நடுவில் யாரோ நிற்பதுபோல இருந்தது. கோளாறு, இது கோளாறு, வேறொன்றுமில்லை என்று வாய் முணுமுணுத்தது. கோளாறு என்றால் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது.

ரௌட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

பச்சை விளக்குகள் அணைந்தன. அக்கா ரிசீவரைக் காதில் வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாருடா," என்றாள். "பதில் சொல்ல வாயெடுத்தேன்."

அவசர அவசரமாக மாட்டினேன். பிளக் இரண்டு தடவை நழுவியது. "ரெண்டே நிமிஷம்க்கா. எல்லாம் தானா திரும்பி வந்துடும்," என்றேன். எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் சொன்னேன்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஹால் போன் வந்தது. அக்கா மொபைல் வந்தது. என் லேப்டாப் வந்தது.

அதற்குக் கீழே அவள் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளிச்சம் மங்கி, நான் விளக்கைப் போட்டபோதும் விரலை எடுக்கவில்லை.