வீரனுக்கு வைத்த பொட்டு

பிணவறை வராந்தாவில் சுரேஷ்குமார் புது வேட்டியைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தபோது, மேனேஜர் முரளிதரன் இரண்டு கையிலும் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

உள்ளே கிடப்பது சுரேஷின் அக்கா புருஷன் பன்னீர்செல்வம். உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றிவிட்டார்கள். வேட்டியைக் கட்டிப் பெட்டியில் வைத்தால் இன்றைக்கே விமானத்தில் திருச்சிக்கு அனுப்பிவிடலாம். அதற்கு முன் போலீஸ்காரர் ஒருவர் வந்து குடும்பத்து ஆளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

"டீயக் குடி தம்பி. நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? பன்னீர் பூஜை போடத்தான் மேல ஏறினார். பிரேக் டைம். டூட்டி இல்ல. அத மட்டும் சொல்லிடு, கலாஸ், முடிஞ்சுது."

சுரேஷ் டீயை வாங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஓர் அளவு உண்டு. இந்த ஆள் பூசணித் தோட்டத்தையே மறைக்கப் பார்க்கிறார்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் அவர்களுடைய இரும்பு வேலை ஷெட்டுக்கு அந்த ஆர்டர் வெளிநாட்டிலிருந்து வந்தது. எங்கோ ஒரு குளிர்தேசத்துக் கிராமத்தில், சாலையோரம் நிறுத்த ஒரு நினைவுச்சின்னம். பெரிய யுத்தத்தில் பாராசூட்டில் குதித்தவர்களும், எஞ்சின் இல்லாத விமானத்தில் வந்து இறங்கியவர்களும் அந்தச் சாலையில்தான் செத்தார்களாம். இரும்பில் ஒரு விமானம், அதன் இறக்கைக்குக் கீழே இரண்டு சிப்பாய்கள். செத்தவர்கள் பேரெல்லாம் தகட்டில் வெட்டியாகிவிட்டது. ஒருவர் பேரில் ஓர் எழுத்து பிசகியதற்கு முழுத் தகட்டையும் தூக்கிப் போட்டு மறுபடி வெட்டச் சொன்னவர் இதே முரளிதரன்.

எஞ்சின் இல்லாமல் எப்படிப் பறக்கும் என்று எல்லோரும் கேட்டபோது பன்னீர்தான் விசாரித்துவந்து சொன்னார். "இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வருமாம்டா. எடம் வந்ததும் கயித்த அறுத்து உட்டுருவானாம். எறங்க மட்டுந்தான் முடியும். திரும்பிப் போறதுக்கு வழியே கெடையாது. நம்மள மாதிரிதான்னு வையி."

சண்டையில் செத்தவன் ஊர்ப்பக்கம் சாமி. வீரன் என்று கல் நட்டுப் படையல் போடுவார்கள். சிப்பாய்களுக்கு முகம் வந்ததும் அரியலூர், பெரம்பலூர் ஆட்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பேர் நெற்றியிலும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள், சுண்டல் அவித்தார்கள். அந்தச் சுண்டலை இரண்டு தடவை வாங்கித் தின்றவர் இந்த முரளிதரன். பொட்டு வைத்த சிப்பாயின் தோளில் கைபோட்டுப் படம் வேறு எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை. வெயில் காலத்தில் அந்த நேரத்துக்கு ஓய்வு விட வேண்டும் என்பது சட்டம். வாடிக்கையாளர் சாயங்காலம் பார்க்க வருகிறார், இறக்கை நுனியில் ஒரு பற்றவைப்பு பாக்கி இருக்கிறது என்று, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த பன்னீரை எழுப்பி மேலே ஏற்றினார் முரளிதரன். இடுப்பு பெல்ட் வேறு சைட்டுக்குப் போயிருந்தது. சுரேஷ் கீழே கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். விழுந்தபோது மாமா கத்தக்கூட இல்லை.

போலீஸ் வந்து படம் எடுக்கும்வரை பொட்டைத் தொடாதே, பூஜைக்கு அதுதான் சாட்சி என்றார் முரளிதரன். எடுத்து முடித்ததும் பெயின்ட் தின்னர் ஊற்றித் துடைத்து, இன்று காலை சிப்பாய்களைக் கப்பலுக்கு ஏற்றிவிட்டார்கள். சாமியாகக் கும்பிட்டதே குற்றமாகிப் போனது.

"தம்பி, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று முரளிதரன் குரலைத் தாழ்த்தினார். "டூட்டின்னு சொன்னா கேஸ் ஆகும். பாடிய நிறுத்திருவாங்க. ஒரு வாரமோ ஒரு மாசமோ, யாருக்குத் தெரியும்? ஊர்ல அந்தப் பொம்பள காத்துக்கிட்டிருக்குல்ல?"

அந்தப் பொம்பளதான் அப்போது வீடியோவில் அழைத்தாள். விஜி அக்காவின் முகம் வீங்கியிருந்தது. பின்னால் மாமாவின் அம்மா பூவாயி, சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

"சுரேசு, கெளம்பியாச்சா? பந்தல்காரன் வந்து நிக்கிறான்."

அவன் நடை ஓரத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். இதைச் சொன்னால் இன்றைக்கு வருவார், அதைச் சொன்னால் எப்போது என்று தெரியாது.

"உன் மாமன் எதுக்குடா மேல ஏறுனாரு?"

"ஏறச் சொன்னாங்க. ஏறுனாரு."

"நீ பாத்தியா?"

"கீழதான்க்கா நின்னேன்."

"அப்ப அதச் சொல்லு. தானா ஏறிச் செத்தாருன்னு அவரு புள்ளைங்க காலம் பூரா கேக்கணுமா?"

போலீஸ்காரர் வந்துவிட்டார். சின்ன வயசு, முகத்தில் அசதி. எப்படி இறந்தார் என்ற வழக்கமான கேள்வியை இந்தியில் கேட்டார். சுரேஷ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த உடைசல் இந்தியில் சொன்னான். பூஜை வெள்ளிக்கிழமை. விழுந்தது திங்கட்கிழமை. அன்றைக்கு மேலே கொண்டுபோனது வெல்டிங் கோல்தான், கற்பூரம் இல்லை. பெல்ட் இல்லை. இதோ உட்கார்ந்திருக்கிறாரே, இவர்தான் ஏறச் சொன்னார்.

போலீஸ்காரர் முரளிதரனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பிணவறை ஆளைக் கூப்பிட்டு, இன்றைக்கு அனுப்ப வேண்டாம், உள்ளே வை என்றார்.

முரளிதரன் எழுந்து கத்தினார். "முட்டாள்! நீயே நிறுத்திட்டியேடா உன் மாமன! உங்க அக்கா மூஞ்சில எப்டிடா முழிப்ப?"

சுரேஷ் வேட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். போனை எடுத்துப் பார்த்தால் அழைப்பு இன்னும் அறுபடாமல் இருந்தது.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் விஜி. "எப்பன்னு சொன்னாங்களா?"

"சொல்லலக்கா."

"சரி."

சாவு வீட்டில் உடலை எடுக்கும்வரை அடுப்பு எரியக் கூடாது. திங்கட்கிழமையிலிருந்து பங்காளி வீட்டுச் சோறுதான் வந்துகொண்டிருந்தது. பூவாயி அதையும் தொடவில்லை.

"அத்தைக்கு மயக்கமா வருது. புள்ளைங்களும் எத்தன நாளைக்கு அடுத்த வீட்டு வாசல்ல நிக்கும்?"

அக்கா போனை எங்கோ வைத்தாள். திரையில் ஓட்டுக்கூரை மட்டும் தெரிந்தது. பாத்திரம் எடுக்கிற சத்தம், அரிசி கொட்டுகிற சத்தம். "ஏ விஜி, என்னாடி பண்ற?" என்று பூவாயியின் குரல் கேட்டது. லைட்டர் இரண்டு முறை வெறுமனே சொடுக்கி, மூன்றாவது முறை அடுப்பு பிடித்தது.